கொட்டாவி விட்ட சிங்கம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வியாபாரி அண்ணாச்சி ஒருவர் புது வீடு கட்டினார். வாசல் தூண் இரண்டின் மேலும் கர்ஜிக்கிற சிங்கம் வேண்டும் என்றார். "யாருக்குவே செய்யத் தெரியும்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அதுவரை சுவர் பூசியதுதான் உண்டு. மண்ணில் ஒரு பிள்ளையார்கூடப் பிடித்ததில்லை. அதனால் என்ன? மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, எனக்குச் சொல்லித்தர அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான்.

அந்த வேலைக்கு மேஸ்திரி என் அக்காள் புருஷன். "லேய் மாப்பிளே, உனக்குப் பூனை செய்யத் தெரியுமாலே? அண்ணாச்சிக்குப் பிடிக்கலைன்னா நானே உடைப்பேன். அப்புறம் ஆயுசு பூரா எனக்குச் சாந்து குழைக்கணும், பார்த்துக்கோ" என்றார். சாந்து குழைப்பதிலிருந்து பூச்சுக் கரண்டி பிடிக்கிற இடத்துக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடி இறங்குவதா?

நேரே மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். சிங்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நான் போன ஒவ்வொரு நாளும் வாலைத்தான் பார்த்தேன். இது கர்ஜிக்காதா என்று காவல்காரரிடம் கேட்டேன்.

"இவன் எதுக்குக் கர்ஜிக்கணும்? எறச்சி நேரத்துக்கு வருதல்லோ!" என்றார்.

கடைசியில் ஒருநாள் அது என் பக்கம் புரண்டு, மூக்கைச் சுருக்கி, வாயை முழுசாகத் திறந்தது. கண் மூடியிருந்தது. கோபம் தலைக்கேறினால் யாருக்குத்தான் கண் தெரிகிறது? கிடைத்தது போதும் என்று ஓடி வந்தேன். செங்கல் துண்டும் கம்பியும் சிமெண்டுமாக அந்த வாயை அப்படியே தூண்மேல் ஏற்றினேன்.

சிங்கத்தை மூடியிருந்த சாக்கை விலக்கிய அன்று அத்தான் கடப்பாரையோடு வந்து நின்றார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னவே இது? கர்ஜிக்கச் சொன்னா, இது கொட்டா..."

முடிக்க முடியவில்லை. அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. "சிவ சிவா" என்று வாய்க்கு நேரே சொடக்குப் போட்டுக்கொண்டார். அத்தான் கடப்பாரையை ஓங்கி, குறி பார்க்கச் சிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் வாயும் பிளந்தது. கடப்பாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் சொடக்குப் போட்டார். அண்ணாச்சிக்கு இரண்டாவது கொட்டாவி. அதற்கும் போட்டவர், போட்ட கையோடு எக்கி நின்று, கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி சிங்கத்தின் வாய்க்கு நேரேயும் ஒரு சொடக்குப் போட்டார்.

நான் விடுவேனா?

"அண்ணாச்சி, சிமெண்டுக்கு யாராவது சொடக்குப் போடுவாங்களா?"

அவர் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தவறிப் போட்டிருப்பீங்க. நான் உடைச்சிருதேன்" என்றார் அத்தான்.

"சும்மா கெடயும்வே. உசிருள்ளதை உடைச்சா பாவம்" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "அடுத்த தூணிலே இதை உறங்க வையும். எம்புட்டு நேரந்தான் கொட்டாவி விடும், பாவம்."

உறங்குகிற சிங்கத்துக்கு நான் எங்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாலை என்னைப் போலச் செய்ய இன்றுவரை திருவனந்தபுரத்தில் ஆள் கிடையாது. சாந்து குழைத்தது அத்தான்.