ஆயுத பூஜையன்று கூடிய போர்டு

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நடந்த போர்டு மீட்டிங்குக்கு வந்திருந்தவர்கள்: மேனேஜிங் டைரக்டர், அவருடைய மனைவி, மனைவியின் தம்பி, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர். வராதவர்கள்: ஒருவரும் இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை டைப் செய்தவன் நான்.

நிஜத்தில் எம்.டி. பக்கத்து அறையில் புது ஆபீஸுக்கு மார்பிள் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, குலதெய்வக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று திண்டிவனம் போயிருந்தார். மச்சான் சென்னையில். பெரியவர் பிரான்ஸில் மகள் வீட்டில் இருந்தார். போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மீட்டிங் அறையில் இருந்தவன் நான் ஒருவன். நான் போர்டிலேயே இல்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என் அம்மா கீழே பீலிங் ஹாலில் நின்றுகொண்டு ரால் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மீட்டிங்கில் நான் டைப் செய்த நான்காவது தீர்மானம், அவள் தலைக்கு மேலே ஓடிய குழாயைப் பற்றியது.

தவளக்குப்பம் தாண்டி, கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் ரால் கம்பெனி அது. ராலை உரித்து, உறைய வைத்து, பெட்டி போட்டு பிரான்ஸுக்கு அனுப்புவார்கள். அரியாங்குப்பத்தில் எங்கள் தெரு முனையில் விடியற்காலை கம்பெனி பஸ் நிற்கும். அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருஷம் அம்மா அதில் ஏறினாள். அவள் ரால் உரித்த காசில்தான் நான் எம்.காம். முடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதே கம்பெனியில் மேல்மாடியில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா பஸ்ஸில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள்.

கல்லூரியில் 'நிறுவன ஆளுகை' என்று ஒரு பாடம் இருந்தது. போர்டின் கடமைகள் யாவை, ஐந்து மார்க். ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். நிர்வாகியைக் கேள்வி கேட்பது போர்டின் முதல் கடமை என்று எழுதியிருந்தேன். அதை எழுதிய கையாலேதான் பேனா எடுத்துக் கொடுத்தேன்.

பேனா விஷயத்தைச் சொல்கிறேன். வருஷத்துக்கு நான்கு முறை போர்டு கூட வேண்டும். எங்கள் போர்டு ஒரே ஒரு முறைதான் கூடும், ஆயுத பூஜை அன்று. கம்ப்ரசருக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும் நால்வரும் எம்.டி. அறைக்கு வருவார்கள். மேசையில் சுண்டல், பொரி, வடை, வருகைப் பதிவேடு. வரப்போகிற நான்கு மீட்டிங்குக்கும் அப்போதே கையெழுத்து. என் வேலை, பக்கத்துக்கு ஒரு பேனா மாற்றிக் கொடுப்பது.

"தம்பி, பேனாவ மாத்தி மாத்திக் குடு. ஒரே நாள்ல போட்ட மாதிரி இருக்கக் கூடாது" என்பார் எம்.டி.

"இரு, கையெல்லாம் சுண்டல்" என்று அவர் மனைவி முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

மச்சான் ஒரு பேனாவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பச்சையா? எனக்கு வேணாம்பா. நான் இன்னா தாசில்தாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவர் மட்டும் என் பேனாவைத் தொடமாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஊரில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் தெரியும். போர்டில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று பிரான்ஸில் சரக்கு வாங்குபவர்கள் கேட்டதால் எம்.டி. அவரைப் பிடித்து வந்திருந்தார். வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார். நல்ல மனிதர். என்னைக்கூட பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். சட்டைப்பையிலிருந்து தன்னுடைய மைப்பேனாவை எடுத்து, ஊதா மையில், நான்கு இடத்திலும் ஒரே மாதிரி அழகாகப் போடுவார்.

"மெசினெல்லாம் நல்லா ஓடுதா?" இது அவர் வருஷா வருஷம் கேட்கிற ஒரே கேள்வி.

"உங்க ஆசீர்வாதம் சார்" என்பார் எம்.டி.

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வடையை எடுத்துக்கொள்வார். எங்கள் கம்பெனியில் நிர்வாகியைக் கேள்வி கேட்டது அவ்வளவுதான்.

எம்.டி.யை நான் வெறும் திருடன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் திருடன் இல்லை. டி.வி.எஸ். வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரால் விற்றவர். மனைவியின் தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் அடகு வைத்து கம்பெனியைத் தொடங்கியவர். ஒரு புயலில் ஊரே இருண்டு கிடந்தபோது, சரக்கு கெட்டால் கெடட்டும் என்று மற்ற முதலாளிகள் வீட்டுக்குப் போனார்கள். இவர் எங்கிருந்தோ மூன்று ஜெனரேட்டர் பிடித்து வந்து, பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தார். ஒரு கிலோ கெடவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் கம்பெனி எழுந்தது. அன்று அவரைத் தடுக்காத எல்லோரும் அதற்குப் பிறகு அவரைத் தடுக்கவே இல்லை. அவருக்கும் அது பழகிவிட்டது. 'முடியாது' என்ற சொல் காதில் விழுந்தாலே, சொன்னவன் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டிவிடுவார். கம்பெனியை வளர்த்த குணம்தான் அது. அதற்கு எதிரே உட்கார்ந்து 'நில்லுங்க' என்று சொல்லச் சம்பளம் வாங்கிய மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தன. எனக்கு ஆத்திரம் அந்த நாற்காலிகள் மேல்தான் அதிகம்.

குழாய்க்கு வருகிறேன். ராலை உறைய வைக்கிற அம்மோனியா கேஸ், பீலிங் ஹாலின் கூரையை ஒட்டி ஓடும் ஒரு குழாயில்தான் போகும். குளிர் போகாமலிருக்க அதற்கு மேலே தெர்மாகோல் சுற்றி, தகரம் போர்த்தியிருப்பார்கள். அந்தத் தகரத்தை ஒரு இடத்தில் பிரித்துப் பார்த்தவர், மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் அண்ணன். துரு அவர் விரலோடு வந்துவிட்டது.

"மேல கோட்டு போட்டுக்கினு ஜம்முனு கீது தம்பி. உள்ள உடம்பே இல்ல" என்றார் என்னிடம்.

லாக் புத்தகத்தில் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாம் முறை சென்னைக் கம்பெனியிடம் கொட்டேஷனே வாங்கி என் மேசையில் வைத்தார். குழாயை முழுக்க மாற்ற ஆறு லட்சத்து எண்பதாயிரம், நான்கு நாள் வேலை நிறுத்தம்.

நான் அதை எடுத்துக்கொண்டு எம்.டி.யிடம் போனேன். மேசை முழுக்க மார்பிள் துண்டுகள். கண்ணாடி முகப்பு வைத்த புது ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பிட்டர் கொட்டேஷன் குடுத்திருக்காரு. போர்டுல வச்சிப் பேசிட்டு..."

"போர்டா?" நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நான் போர்ட கேட்டுக்கினா இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சேன்? சீசன்ல நாலு நாள் நிறுத்தச் சொல்றான். அவன் கொழாயப் பாக்கறான், நான் கப்பலப் பாக்கறேன்."

"துரு ஏறிடுச்சின்னு சொல்றாரு சார்."

"பதினாறு வருஷமா ஏறுது. பிரான்ஸ்காரன் வேற கேட்டிருக்கான், கேஸ் லைன போர்டு பாத்துச்சான்னு. பாத்துச்சின்னு ஒரு தீர்மானம் போட்டுடு. பிட்டரு சொன்னதையும் சேத்துக்க, அப்பதான் நம்பிக்கையா இருக்கும்." ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கிக் காட்டினார். "இது நல்லாருக்கா, அதுவா?"

"இது சார்" என்றேன்.

அன்று எழுதியதுதான் அந்த ஆடிச் செவ்வாய் மினிட்ஸ். 'குளிர்பதனக் குழாய் குறித்துப் பராமரிப்புப் பிரிவு தெரிவித்த கருத்தை போர்டு விரிவாக ஆராய்ந்தது. குழாயின் நிலை திருப்திகரமாக உள்ளது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.' ஆராய்ந்தவன் இல்லை, ஒருமனது இல்லை, போர்டே இல்லை. ஆயுத பூஜையன்று போட்ட கையெழுத்து மட்டும் இருந்தது. நல்ல தமிழில் ஒன்று, அதைவிட நல்ல ஆங்கிலத்தில் ஒன்று எழுதினேன். அந்த மாதமே நிலைத்த வளர்ச்சி அறிக்கை என்று ஒரு பளபளப்பான புத்தகமும் தயாரித்தேன். அட்டையில் கையுறையும் தொப்பியும் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது என் அம்மா.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஹாலு பூரா கேஸ் நாத்தம்டா. கண்ணு எரியுது. அந்தக் கொழாய்க்கு எவ்ளோ கேட்டான் பிட்டரு?"

"ஆறு எண்பதும்மா. லட்சம்."

"நீ மேலதான குந்திக்கினு எழுதற. அதப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதியிருக்கேம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மறுநாள் பஸ்ஸில் மற்றவர்களிடம், "எம் புள்ள எழுதிட்டான், மாத்திடுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். இதைப் பிறகு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எனக்குச் சொன்னாள்.

புரட்டாசியில், காலை டீக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழாய் வெடித்தது. மேலே எனக்குக் கேட்டது ஒரு சீறல். அப்புறம் கீழே அலறல். வெள்ளையாகப் புகை படிக்கட்டில் ஏறி வந்தது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வால்வை மூட ஓடியவர் பிட்டர் அண்ணன். பெண்கள் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் புது ஆபீஸ் மார்பிளை அதன்மேல் சாய்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். நான் பார்த்து, 'இது சார்' என்று சொன்ன அதே வெள்ளைக் கல். திரும்பவும் புகைக்குள் நுழைந்து முன்கதவு வழியாக வந்தவர்களில் பதினேழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ வந்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் உள்ள ஆளு கீதுடா" என்றாள்.

யாரும் சாகவில்லை. அதைச் சொல்லித்தான் எம்.டி. எல்லோரையும் தேற்றினார். இன்சூரன்ஸ் இருக்கிறது என்றும் சொன்னார்.

இன்சூரன்ஸ் சர்வேயர் ஒல்லியான மனிதர், டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. லாக் புத்தகத்தை ஒரு பக்கம், மினிட்ஸையும் வருகைப் பதிவேட்டையும் மறுபக்கம் வைத்துக்கொண்டார். நால்வரையும் வரச் சொன்னார். நால்வரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். ஆயுத பூஜை அல்லாத ஒரு நாளில் போர்டு முழுதாகக் கூடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாரும் மீட்டிங்குக்கு மீட்டிங் வேற வேற பேனால போட்டிருக்கீங்க. சார் மட்டும் வருஷம் பூரா ஒரே ஊதா மை. நாலு பக்கத்துலயும் ஒரே இடத்துல சுண்டல் எண்ணெய் வேற" என்றார் சர்வேயர். "சார், இந்த ஆடி மீட்டிங்குல நீங்க இருந்தீங்களா?"

எம்.டி. பெரியவரையே பார்த்தார். பெரியவர் கோட்டுப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் பிரான்ஸ்ல. ஆனா கையெழுத்து என்னுதுதான். பொய்க் கையெழுத்து இல்ல."

"அதான் சார் பிரச்சினை" என்றார் சர்வேயர்.

பெரியவர் பொய் சொல்லவில்லை என்று ஊரில் இன்றும் அவரைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நேர்மையை ஒரு வருஷம் முன்னால், அந்தப் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் காட்டியிருக்கலாமே? நிஜமாகவே ஒரு மீட்டிங்குக்கு வந்து, கீழே இறங்கி, மூக்கை ஒரு தரம் இழுத்துப் பார்த்திருந்தால் போதும். ஐந்து மார்க் பதில் எழுதிய நானாவது காட்டியிருக்கலாம். சர்வேயர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். டைப் செய்தது யார்? கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல.

ஆபத்து தெரிந்தே பொய்த் தீர்மானம் எழுதியதால் இழப்பீடு இல்லை என்று கடிதம் வந்தது. பிரான்ஸ்காரர்கள் அதே வாரம் ஆர்டரை நிறுத்தினார்கள். கேஸ் போனதில் குளிர் போய், அறை முழுக்க சரக்கு அழுகியது. பொங்கலுக்குள் வங்கி கேட்டில் பூட்டு போட்டது. கண்ணாடி முகப்புக்கு அப்போதும் பாதுகாப்பு ஸ்டிக்கர் உரிக்கவில்லை.

பஸ் இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. வந்தாலும் அம்மாவால் படி ஏற முடியாது. வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்தாலே மூச்சு இரைக்கிறது. கம்பெனி கணக்கை முடிக்கிற அதிகாரியிடமிருந்து அவள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. ஆங்கிலம். என்னிடம் நீட்டினாள். பாக்கிச் சம்பளம் வரிசைப்படிதான் கிடைக்கும், வங்கி முதலில், நீங்கள் கடைசியில் என்று படித்துச் சொன்னேன். கீழே கம்பெனியின் மொத்த நஷ்டம் போட்டிருந்தது.

"அந்தக் கொழாய்க்கு ஆறு எண்பதுதான கேட்டான்?" என்றாள்.

"ஆமாம்மா."

"இப்ப எவ்ளோ போச்சுன்னு போட்டுக்கீது?"

அந்த எண்ணை ஒரு தரம் மனசுக்குள் படித்துவிட்டு, அவளுக்குச் சத்தமாகப் படித்தேன்.

"நாலு கோடியே முப்பத்தொரு லட்சத்து அறுபதாயிரம்மா."