முசுடு போட்ட வெட்டு

எங்கள் அண்ணனுக்கு ஒர்க்‌ஷாப்பில் முசுடு என்று பெயர். வைத்தவன் நான்தான். பழைய கார்களின் சேஸை, அதாவது பாடியைச் சுமக்கும் இரும்புச் சட்டத்தை, நிமிர்த்துவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. வாயைத் திறந்தால் மட்டும் கொதிக்கிற வெந்நீர். ஒருமுறை துருப்பிடித்த இடத்தைப் பட்டி பூசி மறைத்தான். நான் வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றது.

இரண்டு வருஷம். ஒரே கூரைக்குக் கீழ் ஆளுக்கொரு மூலை. பத்தடி தள்ளி நின்றுகொண்டு அவன் வீட்டுக்குப் போன் போடுவான், உடனே அண்ணி எனக்குப் போன் போடுவாள். "உங்கண்ணன் பெரிய ஸ்பானரைக் கேக்கறார்." "கால் இருக்குல்ல, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க அண்ணி." "ரெண்டு பேரும் நாசமாப் போங்க," என்று வைத்துவிடுவாள்.

அப்போதுதான் டாக்டரம்மாவின் கார் வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார். அந்தச் சட்டம் வேறெங்கும் கிடைக்காது. முசுடு சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு இளைச்சுப்போச்சும்மா. ஒரு வெட்டுதான் தாங்கும். அத நான் பாத்துக்கறேன்," என்றான்.

சட்டம் கோணலா என்று தெரிய மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடுவானா? டேப் முனையிலிருக்கும் கொக்கியைப் போல்ட்டில் மாட்டித் தனியாகவே அளந்தான். இரண்டாவது அளவில் கொக்கி போல்ட்டின் அந்தப் பக்கம் நழுவியதை நான் பார்த்தேன். நேராக இருந்த சட்டம் பன்னிரண்டு மில்லி கோணல் என்று டேப் சொன்னது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லா வேணும் என்று இருந்தது எனக்கு. வெட்டினான், இழுத்தான், வெல்டிங் வைத்தான். மூன்று நாள் வேடிக்கை பார்த்தேன்.

பாடியை இறக்கியபோது ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. முசுடு டேப்பின் முனையை என் பக்கம் நீட்டினான். "புடி."

பிடித்தேன். அளவைப் பார்த்தான். பிறகு கொக்கி நழுவிய போல்ட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"நீ பாத்துட்டுதானடா இருந்த?"

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். "அளவு தப்பிப்போச்சும்மா. முழுத் தப்பும் என்னோடது," என்றான் அண்ணன். அந்தம்மா சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். என்னைக் கைகாட்ட அவனுக்கு ஒரு நொடி போதும். பாவி, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்காகவே அவனை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.