நல்லம்பள்ளியின் நெஞ்சு டாக்டர்

1939 சித்திரையில் டாக்டர் லியோபோல்ட் ஹிர்ஷ் நல்லம்பள்ளிக்கு வந்தபோது, வண்டியிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்து ரோசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மருந்துப் பெட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் வயலின், கேமரா, பட்டாம்பூச்சி பிடிக்கும் வலை, ரொட்டி சுடும் தகர அச்சுகள். காலராவில் கணவனைப் பறிகொடுத்தபின் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டவள் அவள். அவருடைய சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் ஒருத்திதான் ஆள்.

வியன்னாவில் அவர் பேர்போன இதய மருத்துவர். ஜெர்மன்காரர்கள் அந்த ஊரைப் பிடித்ததும், யூதர் என்பதற்காக வேலையைப் பிடுங்கித் துரத்திவிட்டார்கள். மனைவி ஹெர்மினாவும் பதினோரு வயது மகள் லீசலும் விசா கிடைத்ததும் வருவதாக ஏற்பாடு. மகளுக்கென்று கிழக்கு அறைக்குத் தானே வெள்ளையடித்தார்.

நோயாளிகளிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தல்மலை ஏறி, தேன் எடுப்பவர்களிடம் தேனீக்களைப் பற்றி விசாரிப்பார். திரும்பி வந்ததும் ராகி மாவில் ரொட்டி.

"தின்னு பாரு ரோசம்மா, இன்னிக்கு நல்லா வந்திருக்குது."

"பல்லு போயிருமுங்க டாக்டரே."

அப்படியொரு ஞாயிறன்றுதான் மலையில் செல்லியைப் பார்த்தார். இருபது வயது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தின் கதவொன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. பத்தடி நடந்தால் மூச்சு இரைத்தது. பிள்ளை பெறுவது ஆபத்து என்று அவள் புருஷன் கரியனிடம் படித்துப் படித்துச் சொன்னார். அடுத்த வருஷமே அவள் முழுகாமல் இருந்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டாம்பூச்சி வலையை வீட்டில் வைத்துவிட்டு, வாராவாரம் அவளுக்காகவே மலையேறினார்.

1940 ஆனியில் போலீஸ் வந்தது. ஜெர்மன்காரர்களையெல்லாம் பிடித்து முகாமில் அடைக்க உத்தரவாம்.

"அவங்களுக்குப் பயந்து ஓடியாந்தவன் நான்" என்றார்.

"பாஸ்போர்ட்டுல ஜெர்மனின்னு இருக்குதுங்களே" என்று இன்ஸ்பெக்டர் சங்கடப்பட்டார்.

கிளம்பும்போது டாக்டர் ரோசம்மாளிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "செல்லிக்கு இன்னும் ரெண்டு மாசம். கீழ கூட்டியாந்து வெச்சுக்க. உப்பு கொடுக்காதே. மல்லாக்கப் படுக்க வெக்காதே, தலகாணி அண்டக் குடுத்து உக்கார வெய்யி" என்றார்.

ரோசம்மாள் அப்படியே செய்தாள். கரியன் ஆள் சேர்த்துத் துணித் தூளியில் சுமந்து வந்த செல்லியை வெள்ளையடித்த அந்தக் கிழக்கு அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. மூன்றாம் நாள் செல்லிக்கு மூச்சு முட்டியது. வாயில் நுரை தள்ளியது. ரோசம்மாளின் கையை இறுகப் பிடித்தபடியே போய்விட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, யூத அகதிதான் என்று விசாரணையில் தெரிந்து விடுதலையாகி டாக்டர் திரும்பினார். சட்டை தோளில் தொங்கியது. வாசலில் நின்றபடியே, "செல்லி?" என்றார்.

"புள்ளை பொழைச்சுக்கிச்சுங்க." அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும், "நீ செஞ்சதுல தப்பில்லை. நான் இருந்திருந்தாலும் அவ்வளவுதான்" என்றார். அது நிஜமா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று ரோசம்மாள் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

வேறு நாடுகள் சுற்றி வந்த ஹெர்மினாவின் கடிதங்கள் நான்கு காத்திருந்தன. அதன்பின் ஒன்றும் வரவில்லை. எதிரி நாட்டுக்குத் தபால் போகாது என்று தபாலாபீசில் சொன்ன பிறகும் அவர் எழுதி எழுதி மேசை டிராயரில் போட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்த மறு வருஷம் ஏதோ நிவாரணச் சங்கத்திலிருந்து டைப் அடித்த மூன்று வரி வந்தது. தாயையும் மகளையும் 1942இல் ரயிலில் கிழக்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களில் அவர்கள் இல்லை. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற நோயாளிகள் அத்தனை பேரையும் பார்த்து முடித்தார். கடைசி ஆள் போனதும், "கதவைச் சாத்து ரோசம்மா" என்றார். அவள் வெளியே நின்று சாத்தினாள். உள்ளே அவர் அழுவது தெருவரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வயலினைத் தொடவில்லை. கேமராவைப் பள்ளி வாத்தியார் சவுரியப்பனுக்குக் கொடுத்துவிட்டார். ரொட்டி அச்சுகளில் துரு ஏறியது. நோயாளிகள் மட்டும் மிஞ்சினார்கள். 1948 ஐப்பசியில் மலையில் விஷக்காய்ச்சல் பரவ, ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தவர் அந்தக் காய்ச்சலோடே இறங்கி வந்தார். பதினேழு நாள் கிடந்தார். மலையாட்கள் அறுபது பேர் இறங்கி வந்து பாடையைத் தூக்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சாமான்களைப் பதிய தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வந்தார்.

"வாரிசு உண்டுங்களா?"

"மனைவி ஹெர்மினா, மக லீசல்" என்றாள் ரோசம்மாள். அந்தப் பெயர்களை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்க இருக்கறாங்க?"

குமாஸ்தா இரண்டு பெயரையும் எழுதி முடித்திருந்தார்.

"இல்லீங்க" என்றாள்.

அவர் எழுதியதை அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.