ஆஸ்பத்திரி ஸ்டாப்

காபி குடிப்பவர்களை வயதான காலத்தில் மறதி அண்டாதாம். சலூன்காரரின் மச்சினர் சொன்னாராம். அதை சலூன்காரர் சொல்ல, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் காபியைக் குடித்ததும், தான் ஓட்டிய ரூட்டின் ஸ்டாப்புகளை வரிசையாக ஒப்பிப்பார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

இன்று டிப்போ, மார்க்கெட், பாலம் என்று வந்தவர் நேரே ரயில் நிலையத்துக்குத் தாவிவிட்டார். நடுவிலிருக்கும் ஆஸ்பத்திரி ஸ்டாப்பைக் காணோம். நர்ஸ் வேலை முடிந்து அவள் தினமும் பஸ் ஏறிய இடம் அது. அவளை அவர் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான்.

அவள் கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். முன்னறைக்குப் போய், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டாள்.

"என்ன நர்சம்மா, உங்க ஸ்டாப்புல நிக்காமப் போயிட்டேனே, கத்த மாட்டீங்களா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீ காது குடுத்துக் கேக்குறியான்னு பாத்தேன்."

"பொய்! மறந்துட்டு மழுப்பாதீங்க."

"காபிய நிறுத்தினாக்கூட உன்ன மறக்க முடியாதுடி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்புவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை. மகன் எடுத்தால் என்ன சொல்வது? போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.