வலையைத் திருப்பிக் கொடுத்தவர்

எங்கள் கப்பலின் சமையல்காரருக்கு வேலை போனதற்கு நான்தான் காரணம். ஆப்பிரிக்க நாடொன்றின் கடல் எல்லைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து மீன் பிடித்த பெரிய கப்பல் அது. நான் அதில் அதிகாரி. அங்குள்ள மீனவர்களின் சிறு வலைகள் எங்கள் இழுவலையில் சிக்கிக் கிழிந்து வரும். ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதரான சமையல்காரர், சோறு வடித்த கையோடு உட்கார்ந்து அவற்றைத் தைப்பார். காலி எண்ணெய் டின்னைக் கட்டி, உரியவர்கள் கண்டெடுக்கட்டும் என்று கடலில் மிதக்க விடுவார். கம்பெனிக்கு விரோதமாக நடக்கிறார் என்று புகார் எழுதினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, அதே கரையின் மீனவர்கள் கப்பல்களைக் கடத்துவதாகச் செய்தி வந்தது. மண்ணூர்பேட்டையில் அவர் நடத்தும் இட்லிக் கடையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னாண்ட எதுக்கு சார் கேக்குற? வேலை போச்சு, எனக்கு இங்க ஒரு அடுப்பு கெடச்சிது. வலை போனவனுக்குத் துப்பாக்கிதான் கெடச்சிது. அவனாண்ட சொல்லு."

நாங்கள் செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு அந்த நாட்டுத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை என்று அவரிடம் சொன்னபோது, தட்டில் இரண்டு இட்லி வைத்தார்.

"நீ திருந்தவே இத்தினி வருசம் ஆச்சு. அவங்க மட்டும் ஒடனே எழுதுவாங்களா? இன்னொன்னு எழுது சார். மொதல்ல சாப்புடு."

நான்காவது கடிதத்தை நேற்று தபாலில் சேர்த்தேன்.