திருநீர்மலை ஏறிய கோடு

ஏழாம் வகுப்புக்குப் பிறகு என் மகள் என்னிடம் கணக்கில் சந்தேகம் கேட்டதே இல்லை. போன வாரம், பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுக்கு முந்தின சாயங்காலம், கேட்டுவிட்டாள்.

“அப்பா, ஒரு லைன்ல ஒரு பாயின்ட் செகண்ட் குவாட்ரன்ட்ல இருக்கு, இன்னொண்ணு ஃபோர்த்ல. நம்பரே குடுக்கல. ஸ்லோப் பிளஸ்ஸா மைனஸா?”

நரைக்கு மை அடிக்கிற வயதில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்தேன்.

“அவரை ஏன்டி பேஜார் பண்றே? யூடியூப்ல பாத்துக்கோ” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

யூடியூப் பக்கம் போனால் பிறகு என்னிடம் வரவே மாட்டாள்.

“இரும்மா, அப்பா இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்கு ஓடினேன்.

அப்போது பள்ளிக்கூடம் ஈஸ்ட்டில், வீடு வெஸ்ட்டில். நானும் பக்கத்து பெஞ்சு சிநேகிதனும் பாலத்தின் நடுவில் நின்று ரயில் பார்க்காமல் வீடு திரும்பியதில்லை. ஊரே எங்களுக்கு வரைபடத்தாள். தண்டவாளம் ஒய் அச்சு. பீச் ஸ்டேஷன் பக்கம் மேலே, செங்கல்பட்டு கீழே. வெஸ்ட்டில் முடிச்சூர் ரோடும் ஈஸ்ட்டில் வேளச்சேரி ரோடும் சேர்ந்தால் எக்ஸ் அச்சு. சிட்லபாக்கம் முதல் கால்பகுதி, திருநீர்மலை இரண்டு, மண்ணிவாக்கம் மூன்று, அகரம்தென் நான்கு. இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு ஏறினால் பிளஸ், இறங்கினால் மைனஸ். திருநீர்மலையிலிருந்து அகரம்தென்னுக்கு இறக்கம்தான்.

“மைனஸ்!” என்றேன்.

“ஃபர்ஸ்ட்டும் தேர்டும்?”

மண்ணிவாக்கத்திலிருந்து சிட்லபாக்கம். “பிளஸ்!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

“ஃபர்ஸ்ட்டும் செகண்டும்?”

சிட்லபாக்கம், திருநீர்மலை. யோசிக்கவே இல்லை. “மைனஸ்.”

“எப்பிடிப்பா?”

“திருநீர்மலை கோயில் இருக்கிற மலையாச்சேம்மா! அங்கேருந்து இந்தப் பக்கம் வந்தா இறக்கம்தானே?”

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாளில் ஒரு தேர்விலும் இதையேதான் எழுதியிருந்தேன். கணக்கு சார் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, “கிராஃப் தாள்ல ஏதுடா படிக்கட்டு?” என்று கேட்டார். சாயங்காலம் பாலம் முழுக்க சிநேகிதன் விடவில்லை. “மச்சான், நீ ஏறிகினே இரு. நான் கீழ செருப்பைப் பாத்துக்கறேன்.”

இப்போது அவன் எந்த ஊரில் இருக்கிறானோ. அந்தப் பாலத்திலும் நின்று வேடிக்கை பார்க்க முடிவதில்லை. கூட்டம் நம்மைத் தூக்கி மறுபக்கம் இறக்கிவிடுகிறது.

செருப்புக் கதையை மகளிடம் சொல்லித் தொலைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ரெண்டு பாயின்ட்டும் எக்ஸுக்கு மேலதானப்பா. எது உசரம்னு நம்பர் இல்லாம சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே உசரமாக்கூட இருக்கலாம்.”

“கரெக்ட். உன்னைத்தான் டெஸ்ட் பண்ணேன்.”

“ஐயே, பொய்யி!”

போனை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் கால்பகுதியில் பென்சிலால் குட்டியாக ஒரு மலை வரைந்தாள், அடிவாரத்தில் ஒரு ஜோடி செருப்பு.

“சரி, தேர்டும் ஃபோர்த்தும்? பாத்துச் சொல்லு.”

மண்ணிவாக்கம், அகரம்தென். நடுவில் மலை கிலை எதுவும் இருக்கிறதா என்று ஒரு தரம் யோசித்துப் பார்த்துக்கொண்டு, “சொல்ல முடியாது” என்றேன்.