கடலை மேலே ஏறும் விதம்

மாரிசெல்வி மிக்சர் டப்பாவைத் திறக்குமுன் மூன்று முறை குலுக்குவார். மேலே வந்து நிற்கும் கடலைகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு மூடி வைப்பார். அடுத்துத் திறக்கும் தங்கை பிரேமலதாவுக்குப் பொடிதான்.

"குலுக்கும்போது கீழ எடம் விழும்லா, சின்னது பட்டுன்னு பூந்துக்கிடும். பெருசு எறங்க வழியில்லாம மேலயே நிக்கும்" என்பார். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் தொழில். செம்பூரில் இருந்த சம்பள வேலையை அதற்காகவே விட்டார்.

அலுவலகம் மும்பை தாராவியில், தோல்பைப் பட்டறைக்கு மேல். கீழே தையல் மெஷின் ஓடினால் மேசையும் குலுங்கும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரையில் அறுபதாயிரம் உருண்டைகள். ஒருநாள் அவரைப் பார்க்கப் போன நான் அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு கடலை இரண்டு விரற்கடை ஏறியது. "இன்னைக்கு வேகமாப் போகுது" என்றார்.

முதல் ஆர்டர் மும்பையின் இன்னொரு பகுதியான பாண்டுப்பில் மிக்சர் வியாபாரம் செய்யும் கரீம் பாட்சாவுடையது. புனேக்கு டெம்போவில் போகும் டப்பாக்களில் கடலை மேலே ஏறிவிடுகிறது. அடியில் வெறும் பொடி என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். பெட்டிகளைத் தலைகீழாக ஏற்றினால் கடலை டப்பாவின் அடிக்குப் போய்விடும் என்று மாரிசெல்வி கண்டுபிடித்தார்.

"அப்போ மொதல்ல பொடி வருமேம்மா?"

"கடைசில கடலை வந்தா மனுசன் மன்னிச்சிருவான் பாய்."

இது கம்ப்யூட்டர் சொன்னதல்ல.

"ஒரு லோடு தாரேன். சரியா வரலன்னா நீ பழைய வேலைக்கே போயிரும்மா" என்றார் பாய். குடோனில் எல்லாரும் நம்மவர்கள் என்பதால், பெட்டிகளில் 'தலைகீழாக ஏற்றவும்' என்று தமிழிலேயே பெரிதாக அச்சடிக்கச் சொன்னார் மாரிசெல்வி.

புனேயில் பாதி டப்பாக்களில் கடலை அடியில், பாதியில் மேலே. சேதி கேட்டதும் மாரிசெல்வி பாண்டுப்புக்கு ஓடினார். ஏற்றியது பாயின் மருமகன் ராஹில்; பிறந்து வளர்ந்ததெல்லாம் பாண்டுப்.

"கைக்கு வந்தாப்ல ஏத்துனேன் அக்கா. தமிழ் பேசுவேன், படிக்க எங்க வரும்? டிசைன்னுல்லா நெனச்சேன்."

தலைகீழாகப் போன பெட்டிகளில் கடலை அடியில்தான் இருந்தது; ஒன்றில்கூடக் கணக்கு தப்பவில்லை. பாய் மருமகனைப் பார்த்தார். திட்ட முடியாது. "இன்னொரு லோடு போட்டுப் பாரும்மா" என்றார்.

மறுநாள் நான் போனபோது மாரிசெல்வி கணக்கைத் திறந்து வைத்திருந்தார். புவியீர்ப்பு 9.81. உராய்வு 0.4. அதன் கீழே புதிதாக ஒரு வரி தட்டினார்: ராஹில் 0.5.